உறவுமுறை கட்டாயம்

“நீ செஞ்ச பக்கம் பொய் சொல்லுது, செமிசி” என்றாள் மோராக்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஐந்தே பேர் வேலை செய்யும் வெப்சைட் கம்பெனி. மோராக் முதலாளி. காற்புள்ளி இடம் மாறினாலும் பொறுக்க மாட்டாள்.

செமிசி முடித்துக் கொடுத்தது ஒரு முதியோர் இல்லத்தின் வேலை. ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு சின்னத் திரை. இந்த வாரம் யார் பார்க்க வருகிறார், எப்போது, என்ன உறவு என்று டேட்டாபேஸில் இருப்பதை எடுத்து வரிசையாகக் காட்டும். ஒருவருமே இல்லையென்றால் என்ன காட்டுவது என்பதற்கும், எல்லாக் கதவுக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில் ஓர் இடம் உண்டு. “பதிவு எதுவும் இல்லை” என்று எழுதுவது வழக்கம்.

செமிசி அங்கே எழுதியிருந்தது: “செமிசி, வியாழன், 3 மணி.”

ஏழு கதவுகளில் அவன் பெயர். பதிவே இல்லாத இந்த ஆள் யார் என்று இல்லத்து மேனேஜர் புகார் அனுப்பியிருந்தார்.

“வியாழக்கிழமை ரெண்டரைக்கே கிளம்பிடறியே, ரக்பி ஆடவா?” என்றாள் மோராக்.

“சீட்டு ஆட.”

“யார்கூட?”

“அதான் ஏழு கதவு இருக்கே.”

மோராக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அப்ப முறையா டேட்டாபேஸ்ல ஏத்த வேண்டியதுதானே? டெம்ப்ளேட்ல யாராவது பேரை எழுதுவாங்களா?”

“ஏத்தப் போனேன். உறவுமுறைன்னு ஒரு கட்டம். அதைக் கட்டாயமாக்கச் சொன்னதே நீங்கதான். எங்க தொங்கா தீவுல வயசானவங்க எல்லாருக்கும் நான் பேரன். உங்க கட்டத்துல அது செல்லுமா?”

மோராக் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் எழுதிய வரியை அழித்தாள். “பதிவு எதுவும் இல்லை” என்று அடித்து, முற்றுப்புள்ளியும் வைத்தாள்.

வேலை போய்விடுமோ என்றுகூடச் செமிசிக்குக் கவலையில்லை. அந்த ஏழு பேரும் இனிமேல் தினமும் அந்த வரியை அல்லவா படிக்க வேண்டும்?

வியாழன் மூன்று மணிக்கு, சீட்டுக்கட்டோடு முதல் கதவுக்கு முன்னால் போய் நின்றான். திரையில் இரண்டு வரிகள். அடுத்த கதவிலும் அவைதான். ஏழிலும் அவைதான்.

“செமிசி, வியாழன், 3 மணி. உறவுமுறை: பேரன்.

மோராக், ஞாயிறு, 11 மணி. உறவுமுறை: பேரனின் முதலாளி.”