மூன்று முட்டை

தலைமையாசிரியையின் மேஜைமேல் மூன்று விடைத்தாள்கள் இருந்தன. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். மூன்றிலும் முட்டை.

"கண்ணை மூடிக்கிட்டு குறிச்சிருந்தாக்கூட கால்வாசி தேறியிருக்கும்" என்றார் கணக்கு சார். "ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. அதுல ஒண்ணைத் தொடணும், அவ்வளவுதான். இந்த மகராசி தொட்டதெல்லாம் தப்பு."

சுவரோரம் நின்றிருந்த பெண் தலையைக் குனியவில்லை. அழுதிருந்தால் அவர் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்.

"அரையாண்டில நல்லாத்தானே எழுதியிருந்தே?" என்றார் தலைமையாசிரியை. "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன் டீச்சர்."

எதிர் நாற்காலியில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். 'ஒரே விலை, ஒரே பேச்சு' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து, பேரம் பேச வந்தவர்களை வெறும் பார்வையாலேயே திருப்பி அனுப்புகிறவர்.

"எனக்கே புரியலை மேடம். கடையில மூணேகால் கிலோ ஆணிக்கு நான் கால்குலேட்டரைத் தேடறதுக்குள்ள விலையைச் சொல்லிடுவா. இங்க வந்து முட்டை போட்டிருக்கா."

"முட்டைன்னாலும் வரிசையா மூணு" என்றார் கணக்கு சார்.

அப்பா சிரிக்கவில்லை. "நான் இவளை டாக்டராக்கப் போறதில்லை. எட்டாவது பாஸ் பண்ற வரைக்கும் படிக்க வைக்கிறேன், அப்புறம் கல்லாவுல உக்காரணும்னு போன மாசமே சொல்லிட்டேன். புதுக் கடை திறந்தாச்சு. வெளியாளை நம்பி உக்கார வைக்க முடியுமா? ஏதோ பாத்து ஒரு பாஸைப் போட்டு அனுப்புங்க."

தலைமையாசிரியைக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பில் மற்ற எல்லோரும் தேர்ச்சி. இந்த ஒருத்தியால் நூறு சதவீதம் கெட்டுவிடும்.

"வாய்மொழியா ஒரு வாய்ப்பு குடுக்க விதி இருக்கு" என்றார். "மூணு பாடத்துலயும் ஒவ்வொரு கேள்வி. ஒண்ணே ஒண்ணு சரியாச் சொல்லு, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"வேணாம் டீச்சர். எழுதினதுக்கு என்ன உண்டோ அதையே போடுங்க."

"திமிரைப் பாத்தீங்களா?" என்றார் கணக்கு சார். "முட்டை வாங்கினவளுக்கு ரோஷம் வேற."

"வாயை மூடிக்கிட்டு பதில் சொல்லுடி" என்று அதட்டினார் அப்பா.

"வாயை மூடிக்கிட்டு எப்படிப்பா சொல்றது?"

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுவரிலிருந்த உலகப் படத்தைக் காட்டினார். "பூமியைச் சரிபாதியாப் பிரிக்கிற கோடு எது?"

"கடக ரேகை."

"செடி உணவு தயாரிக்கும்போது எந்த வாயுவை வெளியே விடுது?"

"கார்பன் டை ஆக்சைடு."

"முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கூட்டினா எவ்வளவு?" இதைக் கேட்டவர் கணக்கு சார்.

"முந்நூத்தி அறுபது பாகை, சார்."

யோசிக்கவில்லை. திணறவில்லை. கடையில் ஆணி விலை சொல்லும் வேகம்.

"அது நாற்கரத்துக்கு" என்று சொல்ல வந்த கணக்கு சார் பாதியில் நிறுத்தினார். விடைத்தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கணக்குத் தாளில் சிவப்புப் பேனாவால் தானே போட்ட பெருக்கல் குறிகளை, யாரோ போட்டவை போலப் பார்த்தார்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நிகழ்தகவு பாடம் ஞாபகம் இருக்கா? மூணு தாளையும் கண்ணை மூடிக்கிட்டு குறிச்சா, ஒண்ணுகூட சரியா வராம இருக்குமா?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை. அவரைப் பார்த்தாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"என்ன சார், நீங்களாவது ஏதாவது சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை.

"சொல்ல ஒண்ணுமில்லை மேடம். எழுதினபடிதான் மார்க் போட முடியும். ஒரு மார்க் கூட்டிப் போட்டாலும் தப்பாயிடும்."

இவ்வளவு நேரம் கரித்துக்கொட்டியவர் இப்போது அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். நூறு சதவீதம் கைவிட்டுப் போனது.

"அப்ப, தேர்ச்சி இல்லைன்னுதான் போடணும். திரும்பவும் எட்டாவதுதான்."

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அதெல்லாம் முடியாது மேடம். படிச்சுக் கிழிச்சது போதும். இன்னியோட நிறுத்திடறேன். வாடி, கடைக்குப் போகலாம்."

அவள் அசையவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"கடைப் பலகையைக் கழட்டிட்டீங்களாப்பா?"

"எந்தப் பலகை?"

"ஒரே பேச்சுன்னு போட்டிருக்கே, அது."

"அதை ஏன்டி கழட்டணும்? நான் என்னிக்குப் பேச்சு மாறியிருக்கேன்?"

அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"அப்ப, நான்தான் இன்னும் எட்டாவது பாஸ் பண்ணலையேப்பா."