இரண்டாவது பெட்டி

"பிழைக்க வழியே இல்லையா?"

"தலைகீழா நின்னாலும் இல்ல சார்." அவர் கையுறையைக் கழற்றினார். "உள்ளே மொத்தமும் உராய்ஞ்சு போச்சு. எடுத்துட்டுப் போறீங்களா, இங்கேயே விட்டுடறீங்களா?"

"குப்பையில போட்டுடுங்க" என்றான் கணவன். பக்கத்தில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை.

ரிப்பேர் கடை மேசை மேல் கிடந்தது அவர்கள் வீட்டு சர்வரின் ஹார்ட் டிஸ்க். அதில்தான் அவள் குரல் இருந்தது. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் முழுக்க உட்கார்ந்து, மகளுக்காகக் கதையும் பாட்டுமாகப் பதிந்து வைத்த குரல். ஆபரேஷனோடு பேச்சு போய்விட்டது. அந்தக் குரலைக் கேட்டால்தான் குழந்தை இன்றும் தூங்கும்.

"போன்லயும் ஒண்ணு வச்சுக்கலாமே" என்று அப்போதே கேட்டாள். அன்றைக்கு அவளால் கேட்க முடிந்தது. "போன் தொலையும், உடையும். எங்கிட்டப் போய் பாடம் எடுக்கிறியே!" என்று அடக்கிவிட்டான் அந்த மகராசன்.

காரில் ஏறியதும் அவள் தோளைத் தட்டினான். "எதுக்கு இப்படி அழற? ரெண்டாவது பெட்டி என்னத்துக்கு இருக்கு? தினமும் எல்லாம் அதுல நகலாகிடுது. 'நகல் முடிந்தது'ன்னு காலையில போனுக்குத் தகவலே வரும், தெரியும்ல?"

வீட்டில் அவள் தம்பி காத்திருந்தான். அக்கா கணவனின் ஆபீஸில், அவனுக்குக் கீழேயே சர்வர் பார்க்கும் வேலை. ஒரு வரி எழுத மறந்ததற்காகப் போன வாரம்தான் எல்லார் முன்னாலும் மாமனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு மாமன் கத்தியது இப்படி:

"டிஸ்க்கைக் கையால மவுன்ட் பண்ணி மெஷினோட சேர்த்துட்டுப் போயிட்டா ஆச்சாடா? மெஷின் ஒரு தடவை அணைஞ்சு எழுந்தா அதுவா சேராது. ஸ்டார்ட் ஆகும்போதே சேரணும்னு ஃபைல்ல ஒரு வரி எழுதணும். இல்லேன்னா மெஷினுக்குள்ளயே அந்தப் பேர்ல வெறும் ஃபோல்டர்தான் நிக்கும், ஆளில்லாத வீட்டுப் பெயர்ப்பலகை மாதிரி!"

அந்தக் கோபம் இன்னும் தம்பிக்கு ஆறவில்லை. ஆனாலும் அக்காவுக்காக வந்திருந்தான்.

கணவன் நகல் டிஸ்க் இருந்த அந்த இரண்டாவது பெட்டியை சர்வரிலிருந்து கழற்றினான். அவள் அதைத் தொட்டுப் பார்த்து, கையை வெடுக்கென்று எடுத்து, ஜில்லென்று இருப்பதாகச் சைகை காட்டினாள். அது எப்போதுமே அப்படித்தான்; தூசி தட்டும்போதெல்லாம் கவனித்திருக்கிறாள்.

"நல்லதுதானே! சூடாகாத டிஸ்க்குக்கு ஆயுசு கெட்டி."

லேப்டாப்பில் செருகியதும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கல்யாணம். குழந்தை தவழ்ந்தது. முதல் பல். அவள் தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் ஒரு சிரிப்பு.

"பார்த்தியா? நான் சொல்லல?"

கீழே போகப் போக அவன் விரல் மெதுவானது. கடைசிப் படம், பெருமழையில் ஊரே இருண்டதற்கு முதல் நாள் எடுத்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அவள் பேசிப் பதிந்ததோ மழைக்குப் பிறகு.

மேலே போனான், கீழே வந்தான், மறுபடியும் தேடினான். கிடைக்கவில்லை.

"மாமா..." தம்பியின் குரல் இறங்கியிருந்தது. "மழையில கரண்ட் போய் சர்வர் அணைஞ்சுதே. பெட்டி தானா சேரணும்னு அந்த ஒரு வரி... நம்ம வீட்டுல எழுதினீங்களா?"

ஊருக்கு உபதேசம் செய்தவன் லேப்டாப்பை மெல்ல மூடினான்.

தலையணையை இழுத்துக்கொண்டு மகள் வந்து நின்றாள். "அப்பா, அம்மா கதை போடு."

மனைவிக்குப் புரியவில்லை. அவன் போனைப் பிடுங்கி, நேற்றைய தகவலைத் தேடி எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'நகல் முடிந்தது.' விரலால் அதைத் தட்டித் தட்டிக் காட்டினாள். அப்படியென்றால் இத்தனை நாளும் நகலானது எங்கே?

அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"குப்பையில போடச் சொன்னேனே, அந்த டிஸ்க்லதான்."