பழைய ஜோடி

பட்டறை மேஜைமேல் இருந்த பொம்மை டாங்கி திடீரென்று உறுமியது. நவீன்குமார் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டான். புது ரிமோட்டை அவன் இன்னும் ஆன் செய்யவே இல்லை.

"பயந்துட்டியா தம்பி?" என்று சிரித்தாள் மாதம்மாள். "சாமை காயவெச்சா கோழி வெரட்ட இதத்தான் வுடுவாரு அந்த மனுசன். கோழியே பயந்ததில்ல."

அவள் கணவர் ரங்கசாமி இறந்து ஆறு மாதம் ஆகிறது. டாங்கி சும்மா கிடக்க வேண்டாம் என்று மகள் ரம்யா புது ரிமோட் வாங்கி அனுப்பியிருந்தாள். இரண்டையும் இணைத்து வாங்கத்தான் மாதம்மாள் ஜமுனாமரத்தூர் வந்திருந்தாள்.

நவீன்குமார் டாங்கியின் மூடியைக் கழற்றினான். உள்ளே பச்சை விளக்கு நிலையாக எரிந்தது.

"பழைய ரிமோட்டு பக்கத்துலதான் ஆன்ல இருக்குதுக்கா. அது பேச்சத்தான் இது கேக்குது. பையில இருக்குதா பாரு."

பையில் புளிதான் இருந்தது.

டாங்கி மெதுவாக நகர்ந்து வந்து அவள் வளையலில் முட்டி நின்றது. பின்னால் போய், மறுபடி மெல்ல முட்டியது.

"பழைய ஜோடிய அழிச்சுட்டா புதுசு வேலை செய்யும். அப்புறம் பழசு எவ்ளோ கூப்ட்டாலும் இது திரும்பாது." அவன் பட்டன்மேல் விரலை வைத்தான். "அழிச்சுடட்டுமாக்கா?"

மாதம்மாள் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் தம்பி. அந்த ரிமோட்ட அவரு கையில வெச்சுத்தான் பொதைச்சோம்."