அன்னாசி மேல் பழி

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்த டாக்டர் லியாவ் தொண்டையைச் செருமினார். "உங்க அப்பாவுக்கு மருந்து ஏத்தக் கழுத்து ரத்தக்குழாய்ல ஊசி குத்தி சென்ட்ரல் லைன் போட்டோமில்ல, அதுல..."

"நுரையீரல்ல ஓட்டை விழுந்து காத்து கசிஞ்சிடுச்சு. நர்ஸ் சொன்னாங்க," என்று முந்திக்கொண்டாள் ஷூஹுவெய். மடியிலிருந்த கேக் பெட்டியை இறுக்கிப் பிடித்தாள். "எல்லாம் என்னாலதான் டாக்டர். அன்னாசின்னு சொன்னா நம்ம பாஷையில 'பெருகி வா'ன்னு கேக்கும்; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தா நோயும் பெருகும், ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். புத்தியில்லாம வாங்கிட்டு வந்துட்டேன்."

தைனான் நகரத்தில் இந்தக் காரணத்தை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். தலையாட்டிவிட்டு நகர்ந்தால் போதும். லியாவ் நகரவில்லை.

"கேக் என்னம்மா பண்ணும்? ஊசி என் கையில இருந்துச்சு. கொஞ்சம் ஆழமா இறக்கிட்டேன். தப்பு என்னோடது. குழாய் வெச்சுக் காத்தை எடுத்துட்டோம். இப்ப நல்லா மூச்சு விடுறார்."

ஷூஹுவெய் பெட்டியைத் திறந்து நீட்டினாள். உள்ளே இருந்தவை தைச்சுங் ஊரின் சூரிய கேக்குகள். அன்னாசி வாசமே இல்லை.

"எங்க ஊர் தைச்சுங்ல இருபது வருஷமா ஐ.சி.யூ. நர்ஸ் நான். அன்னாசியை வாங்குவேனா? பழியை நான் ஏத்துக்கிட்டா நீங்க நழுவுறீங்களான்னு பார்த்தேன். எடுத்துக்குங்க டாக்டர். இனி அப்பாவை உங்ககிட்ட விட்டுட்டு நிம்மதியா டூட்டிக்குப் போவேன்."