துரைக்கு வைத்த மீன்

இந்தக் காலத்தில் மனிதன் மயங்கி விழுந்தால் ஒதுங்கிப் போகிறார்கள். பூனைக்குக் காதில் புண் என்றால் ஆட்டோ வருகிறது.

அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து இதைத்தான் சொன்னார். உரக்கவே சொன்னார்.

செண்பகம் காதில் வாங்கவில்லை. அவள் கொல்லையில் இருந்தாள். பூனையோடு.

"துரை, வாங்க துரை."

பூனைக்கு எவளாவது துரை என்று பேர் வைப்பாளா. வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனை அந்தக் குரலில் அவள் கூப்பிட்டதில்லை.

போன மாதம் பால் பூத் வாசலில் அவருக்குத் தலை சுற்றியது. விழுந்தார். எழுந்து தானே வீட்டுக்கு நடந்து வந்தார். ஒருவரும் வந்து விசாரிக்கவில்லை. நேற்று பக்கத்து வீட்டு ரஞ்சிதம் வந்து, துரைக்கு இப்போது தேவலையா என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

புரட்டாசி மாதம். வீட்டுக்குள் மீன் வாடையே கூடாது. அவருக்குக் கீரை. அடுத்த நாள் வாழைக்காய். மறுபடி கீரை.

துரைக்கு மட்டும் மீன்.

மாட்டாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அதற்கு இறங்கவில்லை. செண்பகம் வாயைப் பிளந்து போட்டுப் பார்த்தாள். கையைக் கீறிவிட்டு நுரையாகக் கக்கியது. அவருடைய துண்டில் சுற்றி மடியில் வைத்துப் போட்டாள். விழுங்கினதுபோல் முழித்துவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்த் துப்பியது.

அவள் டார்ச் அடித்துத் தேடி எடுத்தாள்.

தேடி எடுத்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவருக்கும்தான் மாத்திரை இருக்கிறது. பிரஷருக்கு. விற்கிறவன் பிழைக்க எழுதிக் கொடுக்கிறார்கள். தின்றவன் எவனும் பிழைத்து அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் முன்பெல்லாம் அவள் கையில் கொடுத்து, தொண்டையில் இறங்கும்வரை எதிரே நிற்பாள். அதற்காகவே விழுங்கினார்.

பூனைக்குப் புண் வந்தபிறகு, செம்பு மூடியின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் எடுத்துச் சாக்கடையில் போட்டார். மறுநாள் அவள் பார்க்கும்படியாகவே போட்டார்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது மூடிமேல் வைப்பதையும் விட்டுவிட்டாள். மறந்துபோனாள். அவ்வளவுதான் மனுஷியின் பாசம்.

கொல்லையில் மூன்று செங்கல் கூட்டி, பழைய சட்டியில் சாளை வேகவைத்தாள். தோலை உரித்தாள். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். உதிர்த்துத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்தாள். பிறகு குளிக்கப் போனாள். மீன் தொட்ட கையோடு விளக்கேற்ற மாட்டாள்.

அந்த நேரத்துக்குத்தான் அவர் காத்திருந்தார்.

இது முதல் தடவை இல்லை. முதலில் ஒரு விரல் எடுத்தார். பசிக்காக இல்லை. அந்தத் துரைக்கு ஒரு வாய் குறையட்டும் என்று. மாத்திரை வைத்த மீன் துண்டை அவள் முதலிலேயே கையால் ஊட்டிவிடுவாள். சிரட்டையில் இருப்பது வெறும் மீன். அதையெல்லாம் பார்த்துத்தான் வைத்திருந்தார்.

இன்று முழுவதையும் தின்றார்.

துரை மதில்மேல் உட்கார்ந்து பார்த்தது. கத்தவில்லை. கீழே இறங்கவும் இல்லை. வயிறு நிறைந்த மாதிரி முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

கடைசி வாய் கசந்தது.

நாக்கில் மாவுபோல் ஏதோ ஒட்டியது. துப்பப் பார்த்தார். இறங்கிவிட்டது.

பூனை மருந்து.

சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். அங்கே என்ன தின்றீர்கள் என்று கேட்பார்கள். புரட்டாசியில், பூனையின் சிரட்டையில், மீன்.

குளியலறைக் கதவு திறந்தது.

தலையில் துண்டோடு வந்தாள். காலிச் சிரட்டையைப் பார்த்தாள். மதில்மேல் இருந்த பூனையைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

துரைக்குக் கொடுக்கிற மாத்திரையை மனிதன் தின்றால் என்ன செய்யும் என்று, ஊர்க்கதை கேட்பதுபோல் கேட்டார்.

அவள் சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"ஏன் கேக்குதிய? துரைக்கு மாத்திரை போன வாரமே முடிஞ்சிட்டே."

முடிந்த மாத்திரை எப்படிக் கசக்கும்.

பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் முகத்தில் பொய் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் ஜன்னல் கட்டையில் அவருடைய மாத்திரை அட்டை கிடந்தது. பாதிக்குமேல் காலியாக இருந்தது.

அவர் அதைத் தொட்டு நாளாகிறது.

செண்பகம் பூனையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். காதை மடக்கிப் பார்த்தாள். புண் இருந்த இடத்தில் புது மயிர்.

"நாளைக்குச் சாளை வராதாம். நெத்திலிதான்."

பூனையின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நெத்திலி என்றதைப் பூனையிடம்தான் சொல்லியிருப்பாள். வேறு யாரிடம் சொல்லப்போகிறாள்.