திருவிடந்தைக்கு இரண்டு மாலை

டமார்! கோவளம் தாண்டியதும் காரின் பின் டயர் வெடித்தது.

"அபசகுனம் மீரா. நாலு பேர் பார்த்தா சிரிப்பா. வீட்டுக்கே திரும்பிடலாம்டி" என்றார் ஆராவமுதன்.

"திருவிடந்தை பெருமாளுக்கு மாலை சாத்தி வேண்டிண்டா கல்யாணம் நிச்சயம்ப்பா. பன்னெண்டுக்குள்ள போயிடணும். பாரு, யாரோ வர்றா. நல்ல சகுனம்!"

ஸ்கூட்டரை நிறுத்திய பெண்மணி முந்தானையைச் செருகிக்கொண்டு ஜாக்கியை வாங்கினாள்.

"டிரைவிங் ஸ்கூல் வச்சிகினு கீறேன். டயரு மாத்துறதெல்லாம் ஜுஜுபி. இன்னா சார் வேடிக்க? ஸ்டெப்னிய உருட்டினு வா!"

ஆராவமுதன் உருட்டினார். அது அவர் கையை விட்டு நழுவிச் சவுக்குத் தோப்புக்குள் ஓட, அவர் வேட்டியை மடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. அம்மா போன பிறகு, அப்பா இப்படிச் சிரித்து நாலு வருஷமாகிறது என்று மீரா நினைத்துக்கொண்டாள்.

டயர் மாட்டியாயிற்று. பின்சீட்டில் இருந்த மாலைகளை அந்தப் பெண்மணி பார்த்துவிட்டாள்.

"கவலப்படாத பாப்பா. அடுத்த வருசம் புருசனோட வந்து நிப்ப."

மீரா அப்பாவைக் குறும்பாகப் பார்த்தாள்.

"என் புருஷன் ஆபீஸ் போயிருக்கார் ஆன்ட்டி. பொண்ணு தேடறது எங்கப்பாவுக்கு!"