இடது கால்

பழைய பைக்கில் எட்டு போட்டு முடித்து நிறுத்தியதும், நர்ஸ் செண்பகவடிவு மூன்றாவது முறையாக அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

"வண்டி நின்னா காலை ஊனணும்மா," என்றார் லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் தாவூது.

"இந்தக் காலத்து வண்டியெல்லாம் தானா ஓடி, சாயாம தானா நிக்கும் சார். ஊனிப் பழக்கமே இல்ல."

"அப்ப அதையே ஓட்டுங்களேன். அதுக்கு லைசென்ஸே வேண்டாம்."

"மேல்பாறை மலையில நெட்வொர்க் சிக்னல் கெடையாது, அங்க அது நகராது. போன மாசம் ஒரு பிரசவத்துக்கு ஏழு கிலோமீட்டர் நடந்தே ஏறினேன். நான் போய்ச் சேரும்போது பிள்ளை பொறந்து, செத்தும் போயிருந்துச்சு. இன்னைக்கு அங்க இன்னொருத்திக்குத் தேதி."

தாவூது வண்டியைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தார்.

முழங்கையில் ரத்தம் வழிய மறுபடி ஏறினாள். எட்டின் இரண்டு வளைவிலும் "கால், கால்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்து பிரேக் பிடித்தாள். இடது கால் தரையில் பதிந்தது. சாய்ந்த வண்டியின் கனம் முழுவதும் தொடையில் இறங்கியது. விழவில்லை.

"பாஸ். இறங்கலாம்மா."

"கையெழுத்தைப் போடுங்க சார். மேல்பாறையில போய் இறங்கிக்கிறேன்."